ஒலியை அடக்குவதும் ரீசெட் செய்வதும்: இந்திய ஆலைகளில் வாயு எச்சரிக்கையின் வரலாறு

வாயு கண்டறியும் பேனலில் ஒலியை நிறுத்த ஒரு பொத்தான், ரீசெட்டுக்கு வேறொரு பொத்தான். முதலாவதை அழுத்தினால் சத்தம் அடங்கும். சிவப்பு விளக்கு அணையாது. காற்றில் வாயுவின் அளவு வரம்புக்குக் கீழே இறங்கிய பிறகு ஒருவர் வந்து ரீசெட் செய்தால்தான் பேனல் பழைய நிலைக்குத் திரும்பும். வாயு தானாகக் கலைந்துபோனாலும் கசிவு நடந்த தடயம் மறையக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. இந்த இரண்டு செயல்களையும் யார் முடிவு செய்தார்கள், யாருக்காகச் செய்தார்கள் என்பதில்தான் நம் நாட்டுப் பேரிடர்கள் பலவற்றின் விடை இருக்கிறது.

தொடக்கம் சுரங்கத்தில். 1815இல் ஹம்ப்ரி டேவி உருவாக்கிய விளக்கில் மீத்தேன் சேர்ந்தால் சுடரின் மேல் நீல முகடு நீளும். பார்க்கும் கண் விலகினால் எச்சரிக்கையும் போயிற்று. 1920களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவில் ஆலிவர் ஜான்சன், சூடான பிளாட்டினக் கம்பியில் வாயுவை எரித்து அதன் செறிவை மின் அளவாகக் காட்டினார். மின் அளவுக்கு வரம்பு வைக்கலாம். மீறினால் மணி அடிக்க வைக்கலாம்.

ஆனால் போபாலின் பூச்சிக்கொல்லி ஆலையில் 1984 டிசம்பர் 2 இரவு கசிந்த மெத்தில் ஐசோசயனேட் என்ற நச்சுத் திரவத்தின் ஆவியைத் தொழிலாளர்கள் கண் எரிச்சலால்தான் அறிந்தார்கள். அந்தத் திரவத்தின் வெப்பநிலை 5 பாகையைத் தாண்டக் கூடாது என்பது ஆலையின் விதி. 11 பாகையில் அலாரம் அடிக்க வேண்டும். ஆனால் ஜூன் மாதமே குளிரூட்டும் அமைப்பை நிறுத்திவிட்டார்கள். திரவம் எந்நாளும் 11 பாகைக்கு மேலேயே இருந்ததால் அலாரத்துக்குப் பொருளில்லாமல் போனது. புதிய நிலைக்கேற்ப அதை மாற்றி அமைக்கவும் இல்லை. ஊருக்கான சைரன் நள்ளிரவுக்குப் பின் சிறிது நேரமே ஒலித்து நிறுத்தப்பட்டது. மக்கள் பீதியடைவார்கள் என்று ஊர்ச் சைரனை ஆலைக்குள் ஒலிப்பதிலிருந்து முன்பே பிரித்திருந்தார்கள். அது மீண்டும் தொடர்ந்து ஒலித்தபோது ஆலையை ஒட்டிய ஜே.பி. நகரை நச்சு மூடியிருந்தது. எச்சரிக்கையை மக்களின் உரிமையாக அல்லாமல் நிர்வாகத்தின் சலுகையாகக் கருதிய முடிவு அது. என் பார்வையில், எந்த வால்வு பழுதையும்விட அது கொடியது.

1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தைப் பற்றி அக்கம்பக்கத்தாருக்கும் தெரிவிக்கும் கடமையும் நச்சுகளுக்கான வரம்புப் பட்டியலும் சட்டத்தில் ஏறின. ஆனாலும் விசாகப்பட்டினத்தின் ஒரு ரசாயன ஆலையில் 2020 மே 7 அதிகாலை ஸ்டைரீன் ஆவி கசிந்தபோது சைரன் ஒலிக்கவில்லை. அதை இயக்க ஆலையில் 36 இடங்களில் வசதி இருந்தது. ஸ்டைரீன் தொட்டியின் வெப்பநிலையை அடிப்பகுதியில் மட்டுமே அளந்து வந்தார்கள்.

பழநி மலைத்தொடரில் உள்ள கொடைக்கானலின் தெர்மாமீட்டர் ஆலையின் சிக்கல் வேறு வகை. பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடித் துண்டுகள் மூஞ்சிக்கல் பகுதியின் பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடந்தது 2001 மார்ச்சில் வெளிவந்து, ஆலை மூடப்பட்டது. தொழிலாளர் உடல்நலம் கெடவில்லை என்றே ஆலையை நடத்திய இந்துஸ்தான் லீவர் வாதிட்டது. 2016இல் அந்நிறுவனம் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு செய்துகொண்டது.

பாதரச ஆவிக்கு மணமில்லை, நிறமில்லை. 1987 திருத்தத்தின் பட்டியல் அதற்கு வைத்த வரம்பு, 8 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 0.05 மில்லிகிராம். ஒரு கணத்தின் செறிவைப் பார்த்து அடித்து, காற்று தெளிந்த பிறகு ரீசெட் செய்யப்படும் அலாரத்துக்கு இந்தக் கணக்கு எட்டாது. பாதரசமோ சிறுநீரகத்திலும் மூளையிலும் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே இத்தகைய ஆலைகளில் ஒவ்வொரு ஷிஃப்ட்டின் காற்று அளவீடும் அழியாத பதிவாக வேண்டும்; தொழிலாளியின் சிறுநீர்ப் பரிசோதனை முடிவோடு சேர்த்து அது அவர் கைக்கே போக வேண்டும்.