காரைக்கால் கரையும் கரும்புத் தீவும்

அம்மையார் பிறந்த ஊர் என்று காரைக்காலைப் போற்றுவோர் பலர். ஆட்களைக் கப்பலேற்றி அனுப்பிய துறைமுகம் என்று அதனை நினைப்போர் சிலரே. அந்தச் சிலருள் நாமும் சேர்வோம், தோழர்களே!

1848-இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்தது. தளை அறுந்த கறுப்பின மக்கள், கரும்புத் தோட்ட முதலாளி எறிந்த காசுக்கு மீண்டும் முதுகு வளைக்க மறுத்தனர். முதலாளியின் கண் கீழ்த்திசை நோக்கிற்று. 1853 மே 6-ஆம் நாள் ‘ஒரேலி’ என்னும் கப்பல் மர்த்தினிக் தீவில் முதல் இந்தியக் கூட்டத்தை இறக்கிற்று. அடுத்த ஆண்டு டிசம்பரில் குவாதலூப் தீவிலும் இறக்கிற்று. 1880-களின் முடிவுக்குள் மர்த்தினிக் சென்றோர் ஏறத்தாழ 25,000. குவாதலூப் சென்றோர் 40,000-க்கும் மேல். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்கள் அவர்களுள் பெருந்தொகையினர். ஐந்தாண்டு ஒப்பந்தம், அது முடிந்தால் ஊர் திரும்பலாம் என்பது வாக்குறுதி. திரும்பாமலே போனோர் பல்லாயிரவர்.

கடல் கடந்தால் சாதி கெடும் என்றது சாத்திரம். கெடட்டும் என்று ஏறியவனுக்கு அக்கரையில் வேறொரு பெயர் காத்திருந்தது: கூலி! உழைப்பின் ஊதியத்தை நாம் குறிக்கும் சொல், அங்கே ஓர் இனத்தின் பெயராயிற்று, வசையுமாயிற்று. வந்தவனைத் தன் கூலியைக் குறைக்க வந்தவனாகவே கண்டான் கறுப்பினத் தொழிலாளி. இருவரும் பொருதினர், இலாபம் தோட்டக்காரனுக்கு.

காரைக்காலில் 1870-களிலேயே தமிழர் வாக்களித்தனர். அதே மூவண்ணக் கொடியின் கீழ், குவாதலூப்பில் பிறந்த கூலியின் மகனோ வாக்காளர் பட்டியலில் ஏறத் தகாத அயலான்! அம்மண்ணில் 1863-இல் பிறந்த ஆன்றி சிதம்பரம் 1904-இல் வழக்காடத் தொடங்கினார். உரிமை உறுதிப்பட்டது 1923-இல். பத்தொன்பது ஆண்டு ஒரு மனிதன் சலியாது நின்றான் என்பதை நம் பாடநூல்களில் நாம் படித்ததில்லை.

வரலாறு விட்ட இடத்தைப் புதினம் நிரப்பிற்று. திரினிடாடில் பிறந்த சாம் செல்வனின் தந்தை சென்னையிலிருந்து குடியேறியவர். 1956-இல் வெளிவந்த ‘தனிமை இலண்டன்வாசிகள்’ என்னும் நாவலில் அவர் தலைமை மாந்தனாகக் கொண்டது இந்தியனை அன்று. மோசஸ் என்னும் கறுப்பினத்தானை! தீவில் பிரிந்து நின்றவர்களை வெள்ளையனின் வெறுப்பு இலண்டனில் ஒரே நிறமாக்கிற்று. அதனை உணர்ந்தவர் எழுதிய நூல் அது.

குவாதலூப்பின் மரீஸ் கோன்டே 1989-இல் எழுதினார், அலையாத்திக் காட்டைக் கடத்தல் என்னும் பொருள்பட ஒரு நாவல். பிணத்தைச் சுற்றி ஊரார் விழித்திருக்கும் இரவு. வில்மா என்னும் இந்திய வழிப்பெண், இறந்த காதலனுடன் தன் முன்னோள் போல் சிதையேற ஏங்குகிறாள். நூறாண்டு கடந்தும் அவள் நெஞ்சில் எஞ்சிய இந்தியா உடன்கட்டை!

அத்தீவுகளின் மாரியம்மன் கோவில்களில் பொருள் அறியாமலே தமிழ்ப் பாட்டைப் பாடி ஆடு வெட்டுகின்றனர். சடங்கை நாம் ஏற்பதில்லை. ஆயினும் அவர்களை நகைக்க மனம் வரவில்லை; தோட்டக்காரன் பறிக்காமல் விட்டுவைத்தது அவ்வளவுதான்.