கோட்டைப் படிக்கக் கற்ற கதை

ஜொகூர் மருத்துவமனைகளுக்கு நெஞ்சு படபடப்போடு வருபவர்களுக்கு இசிஜி எடுக்கிறார்கள். இதயத் துடிப்பை முதன்முதலில் துல்லியமான கோடாக வரைந்து காட்டிய வில்லெம் ஐந்தோவன் பிறந்தது ஐரோப்பாவில் அல்ல; ஜொகூருக்குத் தெற்கே, ஜாவாவின் செமாராங் நகரில், 1860-இல்!

தந்தையை இழந்த அவர் 1870-இல் தாயுடன் நெதர்லாந்து சென்றார். பின்னாளில் லெய்டனில் அவர் அமைத்த கருவி சுமார் 270 கிலோ. நோயாளி கைகளையும் காலையும் உப்புநீரில் வைத்திருக்க வேண்டும். கோட்டின் அலைகளுக்கு பி, கியூ, ஆர், எஸ், டி எனப் பெயரிட்ட அவருக்கு 1924-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கருவி வரைந்துவிட்டது. படிப்பது யார்? லண்டனில் மருத்துவர் தாமஸ் லூயிஸ் படித்தார். தாறுமாறான நாடியை மருத்துவர்கள் முன்பே அறிவார்கள், காரணம்தான் புரியவில்லை. 1909-இல் லூயிஸ் அதைக் கோட்டில் கண்டார். ஆர் அலைகளின் இடைவெளி சீராக இல்லை. பி அலையே இல்லை. இதயத்தின் மேலறைகள் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருந்தன. அங்கே இரத்தம் உறைந்து, கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம்.

இன்றைய கருவிகள் விளக்கத்தையும் தாமே அச்சிடுகின்றன. அது தவறவும் கூடும். ஆகவே பயிற்சி மருத்துவர்களும் தாதியரும் இன்றும் அதே கேள்விகளோடுதான் தொடங்குகிறார்கள்: துடிப்பு சீராக உள்ளதா? பி அலை இருக்கிறதா? அந்தச் சிற்றலை இல்லாததை உரிய நேரத்தில் கவனித்தால், ஒருவரைப் பக்கவாதத்திலிருந்து காக்க முடியும்.