ரகீம் சாகிபின் பள்ளி

ஐதராபாத்திலும் செகந்தராபாத்திலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருவதை நேயர்கள் அறிவார்கள். பட்டாளத்தையும் ரயில்வேயையும் நம்பிச் சென்றவர்கள் அவர்களில் பலர். அத்தகைய தமிழ்க் குடும்பம் ஒன்றில், செகந்தராபாத்தை அடுத்த அம்முகூடாவில் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். வறுமை மிகுந்த வீடு. போலீசார் கழித்துவிட்ட பழைய பூட்சைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, அதைப் பந்தாட்டத்துக்கு ஏற்றபடி மாற்றி அணிந்தாராம் அந்தச் சிறுவர். அவருடைய ஆட்டத்தைக் கண்டு, ஐதராபாத்துக்கு வந்து பயிற்சி பெறும்படி அழைத்தார் ஒரு பள்ளி ஆசிரியர். நாள்தோறும் வந்துபோகச் செலவுக்கு வழியில்லை என்று பையன் தயங்கியபோது, சைக்கிளுக்கு ஏற்பாடு செய்தவரும் அந்த ஆசிரியரே. அவர்தாம் சையது அப்துல் ரகீம். ஊரார் அவரை ரகீம் சாகிப் என்றே வழங்கினர்.

1909-ஆம் ஆண்டு ஐதராபாத்தில் பிறந்த ரகீம், உஸ்மானியாப் பல்கலைக் கழகத்தில் பயின்று பள்ளிகளில் ஆசிரியத் தொழில் புரிந்தார். உடற்பயிற்சிக் கல்வியிலும் தேர்ச்சி பெற்றார். 1943-இல் ஐதராபாத் கால்பந்தாட்டச் சங்கத்தின் செயலாளரானார். தம் வாழ்நாள் முடியும்வரை அப்பொறுப்பை அவர் விடவில்லை. அவர் நடத்திய பயிற்சிக்கூடத்துக்குத் தனிக் கட்டடம் ஏதும் கிடையாது. நகரத்து மைதானங்களே வகுப்பறைகள். அங்கு ஓடியாடிய பிள்ளைகளே மாணாக்கர்.

அவர் கையாண்ட முறைதான் நம் கவனத்துக்குரியது. அக்காலத்தில் நம் நாட்டில், பந்தைத் தன் காலிலேயே வைத்துக்கொண்டு எதிரிகள் நால்வரை ஏய்த்துச் செல்பவனையே கூட்டம் கொண்டாடியது. ரகீம் சாகிபுக்கு அது உடன்பாடன்று. பந்தைத் தட்டிக்கொண்டே ஓடலாகாது, பெற்ற உடனே தோழனுக்கு அனுப்பிவிட வேண்டும் என்ற விதியோடு இளைஞர்களுக்குத் தனிப் போட்டிகளை நடத்தினார். வலக்கால் பழக்கமுள்ளவன் இடக்காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்ற விதியோடு வேறு போட்டிகளும் நடந்தன. சொல்லி அறிவுறுத்துவதைவிட ஆட்டத்தின் விதியையே மாற்றிவிட்டால் பழக்கம் தானே படியும் என்பது நல்ல உபாத்தியாயருக்குத் தெரியாததா? ‘கோச்’ என்னும் சொல்லைப் பயிற்சியாளர் என்று மொழிபெயர்ப்பது நம் அலுவலக வழக்கம். இவர் ஒருவர் பொருட்டு மட்டும் ஆசிரியர் என்றே எழுதலாமென நமக்குத் தோன்றுகிறது.

பயன் விரைவிலேயே தெரிந்தது. அவர் பயிற்றுவித்த ஐதராபாத் நகரப் போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பம்பாயில் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. இந்திய அணியும் அவர் பொறுப்பில் வந்தது. 1951-இல் தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டு விழாவில் ஈரானை வென்று தங்கப் பதக்கம் பெற்றோம். அடுத்த ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றோம். நம்மவர் பலர் வெறுங்காலுடன் ஆடிய ஆட்டம் அது. அத்தோல்விக்குப் பிறகே பூட்ஸ் கட்டாயமாயிற்று.

1956-இல் மெல்போர்ன் சென்ற அணியில் ரகீம் சாகிபின் ஐதராபாத்துப் பிள்ளைகள் பலர் இருந்தனர். பலராமும் சென்றார். ஐதராபாத்தில் பிறந்து, வெல்லிங்டனில் உள்ள சென்னை ரெஜிமென்டில் சேர்ந்து, பின்னர் ஆசியாவின் தலைசிறந்த கோல் காப்பாளர்களுள் ஒருவராகப் புகழ்பெற்ற பீட்டர் தங்கராஜும் சென்றார். ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே நாலுக்கு இரண்டு என்ற கணக்கில் வென்று அரையிறுதியை எட்டினோம். ஒலிம்பிக் கால்பந்தாட்டத்தில் ஆசிய நாடு ஒன்று அந்நிலையை எட்டியது அதுவே முதல் முறை. இறுதியில் நான்காம் இடம் கிட்டியது.

அவருடைய கடைசிப் பந்தயம் 1962-இல் ஜகார்த்தாவில். உடலில் புற்றுநோய் குடிகொண்டிருந்த காலம் அது. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் தோல்வி. தாய்லாந்துடன் ஆடுகையில், பின்வரிசையின் தூணாக நின்ற ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம். தையல் போட வேண்டியதாயிற்று. மற்றொருவராயின் அவரை ஓய்வில் அமர்த்தியிருப்பார். ரகீம் சாகிபோ, பின்வரிசையில் நின்றவரை முன்வரிசைக்கு மாற்றினார்! அரையிறுதியிலும் இறுதியாட்டத்திலும் ஜர்னைல் சிங் கோல் போட்டார். அரசியல் பூசலால் இந்தியர் மீது சினம் கொண்டிருந்த பெருங்கூட்டத்தின் கூச்சலுக்கிடையே, அதே தென் கொரியாவை இரண்டுக்கு ஒன்று என்று வென்று தங்கத்தைப் பெற்றோம். அன்று கோல் வாயிலில் நின்றவர் தங்கராஜ்.

1963 ஜூன் 11-ஆம் நாள் ரகீம் சாகிப் காலமானார். ஆசிய விளையாட்டு விழாவின் கால்பந்தாட்டத் தங்கம் அதன்பின் நம் நாட்டுக்கு வரவில்லை. ஐதராபாத்தின் பெருமையும் படிப்படியாக மங்கியது. இதற்குக் காரணங்கள் பல கூறப்படும். அவற்றுள் ஒன்றை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். அவருடைய பள்ளி அவரிடமே இருந்தது, அவரோடு போயிற்று. அணிகளுக்குக் கோப்பைகள் வாங்கத் தொகை ஒதுக்கியவர்கள், அந்த அணிகள் முளைத்த நாற்றங்காலுக்கு வேலி கட்ட நினைக்கவில்லை.

இளைஞர்களை உண்டி உறையுளோடு தங்கவைத்து ஆண்டுக்கணக்கில் பயிற்றும் டாட்டா கால்பந்துப் பயிற்சி நிலையம் ஜாம்ஷெட்பூரில் தோன்றியது 1987-இல்தான். ரகீம் சாகிப் மறைந்து 24 ஆண்டுகள் கடந்துவிட்டன. ரெனடி சிங், மகேஷ் கவ்லி முதலியோர் அங்கிருந்து வந்தவர்கள். 1991 முதல் 1997 வரை அதன் தொழில்நுட்ப இயக்குநராயிருந்தவர் பி. கே. பானர்ஜி. ஜகார்த்தா இறுதியாட்டத்தில் முதல் கோலைப் போட்ட அவர், ரகீம் சாகிபின் கீழ் ஆடியவர் என்பதை நேயர்கள் நினைவில் கொள்ளலாம்.

2024-இல் ‘மைதான்’ என்ற இந்தித் திரைப்படம் ரகீம் சாகிபின் கதையை நாடெங்கும் கொண்டுசென்றது. அதைக் காணப் பலராம் இல்லை. நோய் காரணமாக 1963-இலேயே ஆட்டத்திலிருந்து விலகிய அவர், வங்காளத்தில் உத்தர்பாராவில் நெடுங்காலம் வாழ்ந்து, 2023 பிப்ரவரி 16-ஆம் நாள் மறைந்தார்.