லிஸ்பன்: ஆபத்தில் யாரை அழைப்பது?

போர்த்துக்கல் நாட்டில் இன்று எந்த ஆபத்துக்கும் அழைக்க வேண்டிய எண் ஒன்றே: 112. காவலர், தீயணைப்பாளர், மருத்துவ ஊர்தி ஆகிய அனைத்துக்கும் அதுவே வாசல். கட்டணம் இல்லை. அழைப்பை முதலில் காவல்துறையினர் ஏற்கின்றனர். உடல்நலம் சார்ந்த அழைப்பு என்றால் தேசிய மருத்துவ அவசர உதவி நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறைக்கு மாற்றிவிடுகின்றனர். ஐரோப்பாவுக்குப் பொதுவான எண்ணாக இது வருவதற்கு முன் அங்கே 115 என்னும் எண் வழக்கிலிருந்தது. தலைநகர் லிஸ்பனைப் பொறுத்தவரை இம்மூன்று இலக்கங்களுக்குப் பின்னால் அறுநூறு ஆண்டுகளின் வரலாறு இருக்கிறது. அதில் பெரும்பகுதி இழந்து கற்ற பாடம்.

தொடக்கத்தில் ஆபத்துதவி என்பது அண்டை வீட்டாரின் கடமையாக இருந்தது. 1395-ஆம் ஆண்டு முதலாம் ஜுவாவ் மன்னர் லிஸ்பன் நகரத் தீயணைப்புக்கென ஓர் ஆணை பிறப்பித்தார். இரவில் அடுப்பு நெருப்பைக் கவனமாகக் காக்கும்படி தெருக்களில் கூவி அறிவிக்க வேண்டும். தீப்பற்றினால் தச்சர்களும் கப்பல் செப்பனிடுவோரும் கோடரிகளுடன் விரைய வேண்டும். பெண்கள் குடங்களில் நீர் சுமந்து வர வேண்டும். தனிப்படையோ வண்டியோ இல்லாத காலம் அது. அவரவர் கையிலிருந்த தொழிற்கருவியே உயிர்காக்கும் கருவியும் ஆயிற்று.

அந்த ஏற்பாட்டால் தாங்கவே முடியாத நாள் 1755 நவம்பர் 1. அனைத்துப் புனிதர்கள் திருநாள் ஆதலால் தேவாலயங்கள் நிரம்பி வழிந்தன. பீடங்கள்தோறும் மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. காலை ஒன்பதரை மணியளவில் நிலம் நடுங்கியது. கல் கூரைகள் வழிபட்டோர் மேல் சரிந்தன. தப்பியவர்கள் இடிந்துவிழும் சுவர்களுக்கு அஞ்சித் தேஜு ஆற்றங்கரையின் திறந்தவெளிக்கு ஓடினர். ஓட்டம் நியாயமானதுதான், தலைக்கு மேல் விழுவதற்கு அங்கே எதுவும் இல்லை. ஆனால் கடல் ஆற்றின் முகத்துவாரம் வழியே பேரலைகளாக ஏறி வந்து அவர்களையே வாரிக்கொண்டது. எஞ்சியோர் மேட்டுக்கு ஏறித் திரும்பிப் பார்த்தபோது, கவிழ்ந்த மெழுகுவர்த்திகளும் அடுப்புகளும் மூட்டிய தீ நகரைப் பற்றியிருந்தது. அது ஐந்தாறு நாள் எரிந்தது. ஏறத்தாழ எழுபதாயிரம் நூல்கள் கொண்ட அரண்மனை நூலகமும் அழிந்தது. உயிரிழந்தோர் எண்ணிக்கை குறித்த மதிப்பீடுகள் பெரிதும் வேறுபடுகின்றன. பல பத்தாயிரம் என்பதே பரவலான கணிப்பு.

அன்றைய துயரின் தனித்தன்மையை இங்கே கவனிக்க வேண்டும். ஓர் ஆபத்திலிருந்து அடைக்கலம் தந்த இடம் அடுத்த ஆபத்தின் வாயாக மாறியது. எங்கே ஓடுவது என்பதை முன்கூட்டியே எண்ணி வைக்காத நகரத்தில், மக்களின் இயல்பான அறிவே அவர்களை மரணத்திடம் அழைத்துச் சென்றது.

ஜுஸே மன்னர் அப்போது நகருக்கு வெளியே பெலேமில் இருந்ததால் பிழைத்தார். ஆயினும் கற்சுவர்களுக்குள் வாழ அஞ்சி, அஜுதா மேட்டில் மரத்தாலான அரண்மனையிலேயே பிற்காலத்தைக் கழித்தார். நிர்வாகம் அவருடைய அமைச்சரிடம் வந்தது. அவர் பின்னாளில் பொம்பால் பிரபு என்று உலகம் அறிந்த செபஸ்தியாவ் ஜுஸே. இறந்தோரைப் புதைப்பதும் இருப்போர்க்கு உணவளிப்பதுமே இப்போதைய வேலை என்ற பொருளில் அவர் மன்னருக்கு விடை சொன்னதாகக் கூறுவர். அச்சொல் வேறொரு பிரபுவுடையது என்போரும் உண்டு. சொன்னவர் யாராயினும் செயல் அவ்வாறே நடந்தது. கொள்ளைநோய் பரவாதிருக்கத் திருச்சபையின் இசைவுடன் உடல்கள் படகேற்றிக் கடலில் இடப்பட்டன. தானியங்கள் திரட்டப்பட்டன, விலை ஏற்றக்கூடாது என்று ஆணை பிறந்தது. திருடர்களை அச்சுறுத்தத் தூக்குமரங்கள் உயரமான இடங்களில் நடப்பட்டன. இந்நடவடிக்கைகள் எல்லாம் தொகுக்கப்பட்டு 1758-இல் நூலாகவே வெளிவந்தன.

இன்னொரு காரியம் அதனினும் பெரிது. நாட்டின் பங்குகள் அனைத்துக்கும் ஒரு கேள்விப்பட்டியல் அனுப்பப்பட்டது. நடுக்கம் எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது? கடல் முதலில் ஏறியதா, இறங்கியதா? நிலம் பிளந்ததா? எத்தனை பேர் இறந்தனர்? என்ன செய்தீர்கள்? இடியோசைக்குக் காரணம் தேடிப் புராணம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், கண்டதை மட்டும் எழுதுமாறு சிற்றூர்க் குருமார்களிடம் ஓர் அரசு கேட்டது. நிலநடுக்கவியலின் தொடக்கங்களுள் ஒன்றாக அந்தத் தாள்கள் மதிக்கப்படுகின்றன.

நகரை மீண்டும் எழுப்பும் திட்டத்தை வகுத்தவர் எண்பதை நெருங்கிய முதிய பொறியாளர் மனுவெல் த மாயா. அரசு ஆவணக் காப்பகத்தின் தலைவரும் அவரே. காப்பகம் இருந்த கோபுரம் இடிந்தபோது ஆவணங்களை மீட்டுக் காத்த அதே மனிதர், எதிர்காலத்துக்கான தெருக்களையும் வரைவித்தார். பாய்ஷா பகுதியில் அகன்ற நேர்த்தெருக்கள் வந்தன. வீடுகளுக்கிடையே தீ தாவாதிருக்கக் கூரைக்கு மேலெழும் சுவர்கள் கட்டப்பட்டன. கட்டடத்தின் உள்ளே குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டங்கள் கோத்த கூண்டு அமைந்தது. நிலம் ஆடினால் அதுவும் உடன் ஆடும், ஆனால் உடையாது. மாதிரிக் கூண்டைச் சுற்றிப் படைவீரர்களைத் தாளம் தப்பாமல் மிதிக்கவைத்துச் சோதித்ததாகச் சொல்வர்.

இதையெல்லாம் போற்றும்போது நிழலையும் மறைக்கலாகாது. பேரிடர் கடவுளின் தண்டனை, வேண்டுதலும் மனமாற்றமுமே முதற்பணி என்று எழுதிய மலக்ரீதா என்னும் முதிய சேசு சபைத் துறவி முதலில் நாடுகடத்தல்போல் தலைநகரிலிருந்து அகற்றப்பட்டார். 1761-இல் மதத்துரோகக் குற்றச்சாட்டில் கொல்லப்பட்டார். மக்களைக் காக்கத் திரண்ட அதிகாரம், காத்து முடித்த பின் தானாகக் கலைந்துவிடுவதில்லை. அந்த அச்சம் எக்காலத்துக்கும் உரியது.

கட்டடங்கள் நினைவில் வைத்திருந்ததை மனிதர்கள் மறந்தனர். பிந்தைய தலைமுறைகள் கடைகளுக்கு இடம் வேண்டி அந்தக் கூண்டின் சட்டங்களையும் கீழ்த்தளச் சுவர்களையும் பல இடங்களில் அறுத்து எடுத்தன. 1969 பிப்ரவரி 28 விடியற்காலை வந்த பெருநடுக்கம் ஒரு நினைவூட்டலாக அமைந்தது. 1988 ஆகஸ்ட் 25 அன்று ஷியாது பகுதியில் தீ மூண்டபோது, நடைபாதையாக்கப்பட்டிருந்த தெருவில் நிறுத்தப்பட்ட இருக்கைகளும் பூத்தொட்டிகளும் தீயணைப்பு வண்டிகளுக்குத் தடையாயின. இருவர் உயிரிழந்தனர், பதினெட்டுக் கட்டடங்கள் அளவில் சேதமுற்றன. தீயைக் கருதித் தெருக்களை அகலமாக வகுத்த ஒரு நகரில் இது நிகழ்ந்தது.

எனவே அந்நகருக்குச் செல்பவர் 112 என்ற எண்ணோடு சில செய்திகளையும் நினைவில் கொள்வது நலம். நிலம் ஆடும்போது குனிந்து, உறுதியான மேசையின் அடியில் தலையைக் காத்து, ஆட்டம் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். ஆற்றங்கரையிலோ கடற்கரையிலோ நீண்ட நடுக்கத்தை உணர்ந்தால், அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்கு நடக்க வேண்டும். நீர் உள்வாங்கினால் நின்று வேடிக்கை பார்க்கலாகாது. 2004 டிசம்பர் 26-க்குப் பின் நம் கரையோர மக்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

1756-இல் குருமார்கள் எழுதியனுப்பிய விடைகளில் எஞ்சியவை இன்றும் லிஸ்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அழைத்தால் உதவி வரும் என்னும் நம்பிக்கை எந்த நகருக்கும் எளிதில் வாய்ப்பதில்லை. நடந்ததை மறவாமல் எழுதிவைத்தவர்களும், எழுதியதைப் படித்துத் தெருவை அகலமாக்கியவர்களும் சேர்ந்து ஈட்டித் தந்தது அது. படிப்பதை நிறுத்திய தலைமுறைக்கு அந்த அகலமும் பூத்தொட்டி வைக்கும் இடமாகவே தெரியும்.