அங்குல நட்டும் மில்லிமீட்டர் ஸ்பேனரும்

பழைய அம்பாசிடர் காரின் பிரேக் பைப் நட்டைக் கழற்றுவதில் என்ன பெரிய வரலாறு இருந்துவிடப் போகிறது என்று நினைக்கிறீர்களா? இருக்கிறது நண்பர்களே!

காமர்ஸ் படிக்கும் எனக்கு இது எதற்கு என்றும் கேட்கலாம். எங்கள் கணக்குப் பாடத்தில் வருடா வருடம் தேய்மானம் போட்டால் ஒரு காரின் மதிப்பு கடைசியில் ஒன்றுமில்லாமல் போய்விடும். ஆனால் எங்கள் ஆலங்குளம் பக்கம் அந்தக் கார் அதற்குப் பிறகும் பல வருடம் ஆள் ஏற்றிக்கொண்டு ஓடும். அப்போது அதன் பிரேக்கை யாராவது கழற்றித்தானே ஆகவேண்டும்?

ஆரம்ப காலக் கார்களில் பிரேக் என்றால் கம்பியும் நெம்புகோலும்தான். 1921ல் அமெரிக்காவின் டூசன்பெர்க் மாடல் ஏ கார், நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக்கோடு வந்தது. மால்கம் லாஹெட் என்பவர் உருவாக்கிய முறை அது. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிரேக் ஆயில், மெல்லிய இரும்புக் குழாய்கள் வழியே போய்ச் சக்கரத்தைப் பிடிக்கும். ஒவ்வொரு குழாயின் முனையிலும் ஒரு சின்ன நட்டு. இந்தக் கட்டுரையின் நாயகன் அதுதான்!

இப்போது அளவு விஷயத்துக்கு வருவோம். 1948ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் சேர்ந்து அங்குலக் கணக்கில் ஒரு பொது மரை அளவை ஒப்புக்கொண்டன. பிரிட்டிஷ் கார்களும் அதற்கு மாறின. அம்பாசிடர், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் வாரிசு. ஆகவே அதுவும் அங்குலக் காராகவே 1950களின் கடைசியில் இங்கே பிறந்தது. வேடிக்கை என்னவென்றால், இந்தியா மெட்ரிக் முறைக்குச் சட்டம் போட்டது 1956ல்! நாடு மில்லிமீட்டருக்கு மாறிக்கொண்டிருந்தபோது கார் அங்குலத்தில் வந்து இறங்கியது. உத்தரபாராவில் அதன் உற்பத்தி நின்றது 2014ல்தான்.

இதனால் என்ன கெடுதல்? 3/8 அங்குல பிரேக் நட்டின் தலை வழக்கமாக 7/16 அங்குலம், அதாவது 11.1 மி.மீ. பெட்டியில் இருக்கும் 12ம் நம்பர் ஸ்பேனரைப் போட்டால் நுழையும், ஆனால் பிடிக்காது. ஏற்கெனவே துரு பிடித்த நட்டு, இரண்டு திருப்பில் மூலை மழுங்கிவிடும். "நட்டு மாட்டிக்கிச்சு" என்று நாம் துருவைத் திட்டுகிறோம். பாதிக் குற்றம் ஸ்பேனருடையது!

இதைவிட ஆபத்து, திரும்ப மாட்டும்போது. மெட்ரிக் துளை 10 மி.மீ.; அங்குல நட்டு 9.5 மி.மீ. தான். கொஞ்சம் லூசாக உள்ளே போகும், இறுகியதுபோலவும் தெரியும். அவசரத்தில் ஓங்கி மிதிக்கும்போது மரை பிய்த்துக்கொண்டு வந்துவிடலாம். ஒரே வழிக் குழாய் உள்ள பழைய பிரேக்கில் ஒரு இடம் விட்டால் நான்கு சக்கரமும் போச்சு.

சரி, எப்படித்தான் கழற்றுவது? கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவிட வேண்டும். பிறகு சரியான அளவில், குழாய் நுழையும் அளவுக்கு மட்டும் வாய் திறந்த ரிங் ஸ்பேனரைப் போட வேண்டும். முதலில் லேசாக இறுக்கி, பின்பு தளர்த்த வேண்டும். நட்டோடு குழாயும் சேர்ந்து முறுக்கினால், குழாயை வெட்டிவிட்டு ஆறு மூலை சாக்கெட் போட்டுக் கழற்றிவிடலாம். குழாயையும் நட்டையும் புதிதாக மாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான்.

கேஸ் வைத்துச் சூடாக்குவது மட்டும் வேண்டாம். பிரேக் ஆயில் தீப்பிடிக்கும்; பக்கத்து ரப்பர் ஹோஸும் கருகும். தீப்பொறி என்றால் என்னவென்று சிவகாசி பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கணக்குப் புத்தகத்தில் அந்த நட்டுக்கு மதிப்பே கிடையாது. மலைப்பாதை இறக்கத்தில் காருக்குள் இருப்பவர்களின் உயிர் அதில்தான் இருக்கிறது.