எதிர்காலத்திற்கு ஒரு சங்கம்

நடந்தவற்றைப் படிப்பதற்குச் சங்கங்கள் உண்டு. வரலாற்றுச் சங்கம், தொல்லியற் கழகம், ஊர் வரலாற்று மன்றம் என அவை பல. சந்தா செலுத்துகிறோம், ஆண்டுக் கூட்டத்துக்குப் போகிறோம், மலர் வெளிவந்தால் ஒரு பிரதி வாங்கி வைத்துக்கொள்கிறோம். இனி நடக்கக்கூடியதைப் படிப்பதற்கும் ஒரு சங்கம் இருக்கலாமா? அதில் எவரும் அங்கத்தவராகச் சேரலாமா? இக்கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டு 'ஆம்' என்றே விடை கூறியது. அந்த விடை பிறந்த வரலாற்றையே இன்று நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

எதிர்காலம் என்றதும் எங்கள் ஊர்களில் சாத்திரியாரின் நினைவே முதலில் வரும். சாத்திரம் ஓர் ஆளுக்கு ஒரு விதி என்று சொல்கிறது. நான் சொல்ல வரும் முயற்சியோ ஒரு சமுதாயத்துக்கு முன்னே பல வழிகள் கிடக்கின்றன என்ற எண்ணத்திலிருந்து புறப்படுவது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் பெரிது.

இந்த வரலாற்றின் ஒரு முக்கிய அத்தியாயம் வானொலியில் நிகழ்ந்தது என்பது வானொலி நேயர்களுக்கு மகிழ்ச்சி தரக்கூடிய செய்தி. 1932ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் பி.பி.சி. ஒலிபரப்பில் ஒரு பேச்சு நிகழ்த்தினார். வரலாற்றுக்கு ஆயிரக்கணக்கான பேராசிரியர்கள் இருக்கின்றார்கள். ஆனால் புதிய கண்டுபிடிப்புகள் நாளை எம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்று ஆராய்வதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டவர் ஒருவர்கூட இல்லையே என்பதுதான் அவரது முறைப்பாடு. மோட்டார் வாகனம் வந்த பின்னர் தெரு நெரிசலைப் பற்றி யோசிப்பதும், விமானம் வந்த பின்னர் குண்டுவீச்சைப் பற்றி யோசிப்பதும் பிந்திய யோசனைகள் என்பது அவர் கருத்து. அந்தப் பேச்சு ஒலித்து ஏழு ஆண்டுகளுக்குள் இரண்டாம் உலகப் போர் மூண்டது.

போரின் நடுவே, 1943இல், 'எதிர்காலவியல்' என்று நாம் இன்று தமிழில் வழங்கும் சொல்லின் மூலவடிவத்தை ஒருவர் ஆக்கினார். அவர் பெயர் ஒசிப் பிளெக்தைம். நாசிகளின் ஆட்சியால் ஜேர்மனியை விட்டு வெளியேறி, அமெரிக்காவில் அடைக்கலம் தேடிய கல்விமான். தன் ஊர், தன் வேலை, தன் நாடு ஆகிய மூன்றையும் இழந்தவர் எதிர்காலம் பற்றி ஒரு கல்வித்துறை வேண்டும் என்று சொன்னார் என்பதை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கின்றேன். எல்லாம் ஒழுங்காக நடக்கும் வீட்டில் நாளையைப் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை.

ஆனால் போருக்குப் பின்னர் இந்த ஆய்வு முதலில் குடிபுகுந்த இடம் பல்கலைக்கழகமன்று. படைத்துறையோடு உறவுகொண்ட ஆய்வு நிலையங்களே. அமெரிக்காவின் றான்ட் நிறுவனத்தில் 'டெல்பி முறை' என்ற ஓர் உத்தி உருவாயிற்று. பண்டைக் கிரேக்கர் குறி கேட்ட தலத்தின் பெயரையே அதற்கு இட்டார்கள். நிபுணர்கள் பலரிடம் தனித்தனியே வினாக்கொத்துக் கொடுப்பார்கள். ஒருவர் சொன்னது யாருடைய கருத்து என்று மற்றவருக்குத் தெரியாது. விடைகளைத் தொகுத்து அனைவருக்கும் திருப்பி அனுப்பி, கருத்தை மாற்ற விரும்புவோர் மாற்றலாம் என்பார்கள். இவ்வாறு பல சுற்றுகள் நடைபெறும். உரத்துப் பேசுபவரின் செல்வாக்கு இதனால் குறைகிறது என்பது உண்மையே. எனினும் வினாக்கொத்து யாருடைய கைக்குப் போனது? நிபுணரின் கைக்கு மட்டுமே. விவசாயிக்கோ தாய்க்கோ பாடசாலைப் பிள்ளைக்கோ அது போகவில்லை.

பிரான்சில் பேர்ட்ரன் த ஜூவெனல் 1960இல் தொடங்கிய முயற்சி இதனின்று சற்று விலகியது. 'எதிர்காலம்' என்று ஒருமையில் பேசுவதே தவறு, 'சாத்தியமான எதிர்காலங்கள்' என்று பன்மையிலேயே பேசவேண்டும் என்றார் அவர். கடந்ததை நாம் அறியலாம், மாற்ற இயலாது. வருவதை அறிய இயலாது, ஆனால் அங்கேதான் எமது விருப்பத்துக்கும் செயலுக்கும் இடமுண்டு என்பது அவர் வாதத்தின் சாரம்.

இத்தகைய சூழலில்தான் 1966இல் எட்வேர்ட் கோர்னிஷ் என்ற பத்திரிகையாளர் வோஷிங்டன் நகரில் உலக எதிர்காலச் சங்கத்தை அமைத்தார். அதன் புதுமை ஆய்வு முறையில் இல்லை, வாசற்கதவில் இருந்தது. சந்தா செலுத்தினால் எவரும் அங்கத்தவராகலாம். பட்டமோ பரிந்துரையோ தேவையில்லை. 1967 முதல் 'த பியூச்சரிஸ்ட்' என்ற சஞ்சிகை அங்கத்தவர் வீடுகளுக்குத் தபாலில் சென்றது. விஞ்ஞானியும் ஆசிரியரும் வணிகரும் மாணவரும் ஒரே பட்டியலில் இடம்பெற்றார்கள். 1971இல் வோஷிங்டனில் முதலாவது பொதுப்பேரவை கூடியது. 1980இல் ரொறன்ரோ மாநாட்டுக்கு ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். எதிர்காலம் எப்படி இருக்கவேண்டும் என்று சங்கம் தீர்ப்புச் சொல்லாது, கருத்துகள் கைமாறும் பொது இடமாக மட்டும் இருக்கும் என்பது அதன் கொள்கை.

இதற்கு நேர்மாறானது 1968இல் உருவான றோம் கழகம். இத்தாலியத் தொழிலதிபர் ஒறேலியோ பெச்செயியும் ஸ்கொத்லாந்து விஞ்ஞானி அலெக்சாண்டர் கிங்கும் அதன் மூலவர்கள். அங்கத்தவர் தொகையை நூறு என்று மட்டுப்படுத்திக்கொண்ட கழகம் அது. அதன் வேண்டுகோளின்படி எம்.ஐ.டி. ஆய்வாளர் குழுவொன்று சனத்தொகை, உணவு, கைத்தொழில், மாசு, மூலவளம் ஆகிய ஐந்தையும் கணனியில் இணைத்து ஆராய்ந்தது. 1972இல் வெளிவந்த 'வளர்ச்சியின் எல்லைகள்' அதன் பயன். இப்போக்கிலேயே போனால் ஒரு நூற்றாண்டுக்குள் உலகின் வளர்ச்சி எல்லையைத் தொட்டுச் சரியும் என்று அந்நூல் எச்சரித்தது. உலகெங்கும் அது பரபரப்பை ஏற்படுத்தியது.

அதற்கு வந்த மறுமொழிகளுள் என் மனத்தில் நிலைத்தது ஆர்ஜென்ரீனாவிலிருந்து வந்தது. பரிலோச்சே நிறுவனத்தில் அமில்கார் எரேறா தலைமையில் பணியாற்றிய குழு 1976இல் தன் மாதிரியை நூலாக வெளியிட்டது. பேரழிவு நாளை வரும் என்கிறீர்கள். உலகின் பெரும்பகுதி மக்களுக்கு அது பசியாகவும் கல்வியின்மையாகவும் இன்றே வந்துவிட்டதே என்றது அக்குழு. தடையாக நிற்பது பூமியின் எல்லையைவிட அதிகாரமும் வளமும் பங்கிடப்பட்டிருக்கும் முறையே என்றும் அது வாதிட்டது. ஆகவே உணவு, வீடு, கல்வி, சுகாதாரம் ஆகியவை எல்லோருக்கும் கிடைக்கும் உலகம் சாத்தியமா என்று அவர்கள் கணக்கிட்டார்கள். இங்கும் கணனி மாதிரிதான். ஆனால் கேள்வி வேறு. கேட்பவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்து எதிர்காலமும் மாறிவிடுகிறது.

இதனை முன்பே உணர்ந்தவர் றொபேர்ட் யுங்க். பேர்லினில் 1913இல் பிறந்து, 1933இல் கைதாகி, நாட்டைவிட்டு ஓடியவர். அணுகுண்டு செய்த விஞ்ஞானிகளைப் பற்றி எழுதியவர். மனிதரின் நாளை, மனிதரைக் கேளாமலே ஆய்வுகூடங்களில் தீர்மானிக்கப்படுகிறது என்ற கவலை அவரை வாட்டியது. 1967இல் ஒஸ்லோவில் நடந்த முதலாவது சர்வதேச எதிர்கால ஆய்வு மாநாட்டை முன்னின்று நடத்தியவர்களுள் அவரும் ஒருவர். அந்த வழியிலேயே 1973இல் பாரிசில் உலக எதிர்கால ஆய்வுச் சம்மேளனம் உருவாயிற்று. யுங்க் வளர்த்த 'எதிர்காலப் பட்டறை' மிக எளிமையானது. அயலவர்கள் ஒன்றுகூடுவார்கள். முதலில் குறைகளைச் சொல்வார்கள். அடுத்துத் தடையேதும் எண்ணாமல் விருப்பங்களைக் கற்பனை செய்வார்கள். பின்னர் அவற்றுள் எதனை, எவ்வாறு செய்யலாம் என்று ஆராய்வார்கள். சனசமூக நிலையத்தின் வாங்கிலே இருந்து செய்யக்கூடிய காரியம் இது.

எங்கள் நாட்டுக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடமுண்டு. பூமிக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் செய்மதிகள் நின்று செய்தி பரப்பலாம் என்று 1945இல் எழுதிய ஆர்தர் சி. கிளார்க், 1956 முதல் 2008இல் காலமாகும் வரை இலங்கையில் வாழ்ந்தார். அவர் எழுதியபடியே 1964இல் ரோக்கியோ ஒலிம்பிக் காட்சிகள் செய்மதி வழியே பசுபிக் கடலைத் தாண்டின. அதே கிளார்க்தான் திருகோணமலைச் சுவாமி மலையடிக் கடலில் மூழ்கி, பழைய கோணேசர் கோயிலின் தூண்களைக் கண்டு எழுதியவர். முன்னே பார்த்த கண்ணே பின்னேயும் பார்த்தது.

யுத்த காலத்தில் வளர்ந்த என் தலைமுறைக்கு நாளை என்பது பாதை திறக்குமா, பரீட்சை நடக்குமா என்ற அளவிலேயே நின்றது. யுத்தம் 2009இல் முடிந்தது. ஆயினும் இன்று என் உயர்தர வகுப்பு மாணவர்களிடம் எதிர்காலம் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், அவர்களுட் பலர் ஒரு நாட்டின் பெயரை எழுதுகிறார்கள். அது எங்கள் நாடன்று. அவர்களை நான் குறைகூற மாட்டேன். அவர்களுடைய நாளையை யாரோ எங்கோ தீர்மானித்துவிட்டார்கள் என்று அவர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையே எனக்குக் கவலை தருகிறது.

தமிழ் இலக்கணகாரர் காலத்தை இறப்பு, நிகழ்வு, எதிர்வு என மூன்றாக வகுத்தனர். 'எதிர்' என்ற சொல்லுக்கு முன்னே நிற்பது, சந்திப்பது என்ற பொருள்களும் உண்டு. எதிரே வருபவரோடு நாம் பேசலாம்; வழி விடலாம்; வழி மறிக்கவும் செய்யலாம். வோஷிங்டன் சங்கத்தின் பட்டியலில் பெயர் எழுதுவதற்கு டொலரும் ஆங்கிலமும் வேண்டியிருந்தன. யுங்க் காட்டிய வழிக்கு ஒரு மேசையும் பத்துப் பேரும் போதும். குளத்து நீர் எத்தனை ஆண்டு காணும், பனங்காணிகள் என்னவாகும், படித்த பிள்ளைக்கு ஊரில் என்ன வேலை என்ற கேள்விகளோடு வாசிகசாலையில் ஒரு மாலை கூடினால், அதுவும் எதிர்காலத்திற்கு ஒரு சங்கந்தான். அதற்குச் சந்தா செலுத்த நான் ஆயத்தமாக இருக்கின்றேன்.