நீரில் பிறந்த படங்கள்

2011 மார்ச் 11 அன்று எழுந்த ஆழிப்பேரலையில், ஜப்பானின் மியாகி மாகாணத்திலுள்ள யமமோத்தோ என்ற சிற்றூரில் மட்டும் 600 பேருக்கு மேல் மாண்டார்கள். இடிபாடுகளில் தேடியவர்கள் சேற்றிலிருந்து குடும்ப ஆல்பங்களையும் பொறுக்கி ஓரமாக எடுத்து வைத்தார்கள். பள்ளிக் கூடங்களில் அவை மலையாகக் குவிந்தன. அந்த ஊரில் மட்டும் சேர்ந்தவை சுமார் 7,50,000 படங்கள்.

நனைந்து நாறிய அந்தப் படங்களைத் தன்னார்வலர்கள் மீண்டும் தண்ணீரில்தான் போட்டார்கள். பார்த்தவர்களுக்கு விபரீதமாகத் தோன்றியிருக்கும். பழைய ஸ்டூடியோக்காரர் எவரும் வியந்திருக்கமாட்டார்.

காகிதப் படம் பிறந்ததே தண்ணீரில். டார்க் ரூமில் டெவலப்பரில் மிதந்து, ஹைப்போ என்ற ரசாயனக் கரைசலில் கிடந்து, கடைசியில் ஒரு மணி நேரம் வரை ஓடும் நீரில் அலசப்பட்டது அது. ஹைப்போ வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்று ஜான் ஹெர்ஷல் 1819இல் கண்டறிந்தார். சரியாக அலசாத படம் பின்னாளில் மஞ்சளித்துவிடும். இவ்வளவு ஊறலையும் தாங்கவைத்தது ஜெலட்டின். விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து காய்ச்சியெடுக்கும் இந்தப் பசையில் வெள்ளி புரோமைடைக் கலந்து கண்ணாடித் தகட்டில் பூசும் முறையை 1871இல் வெளியிட்டவர் ரிச்சர்ட் மேடக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். குளிர்ந்த நீரில் ஜெலட்டின் ஊதும், கரையாது. வெந்நீரில் உருகிவிடும்.

ஆக, படத்தை அழிப்பது வெள்ளம் என்பதைவிட, அது விட்டுப்போகும் சேறு என்பதே சரி. சேற்றிலுள்ள பாக்டீரியாவுக்கு ஜெலட்டின் நல்ல தீனி. வண்ணப் படத்தில் நீலப்பச்சைச் சாயம் மேலே, கருஞ்சிவப்பு நடுவில், மஞ்சள் அடியில். மேலிருந்து அரிக்க அரிக்க, படத்தின் ஓரம் முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், கடைசியில் வெறும் வெள்ளைத் தாள். யமமோத்தோவின் பல படங்களில் முகங்கள் இப்படித்தான் கரைந்துபோயின. அவற்றையும் தூக்கியெறிய மனம் வராமல் புகைப்படக் கலைஞர் முனேமாசா தகஹாஷி கண்காட்சியாக வைத்தார்.

மிச்சமிருந்தவற்றைத் தூரிகையாலும் விரலாலும் பதமாகக் கழுவி, துணி காயப்போடுவதுபோல் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டார்கள். ஃபியூஜிஃபிலிம் நிறுவனமும் கழுவும் முறையைச் சொல்லிக்கொடுத்து இந்த வேலையில் கைகோத்தது.

வீட்டிலும் இதேதான் வழி. ஒன்றோடொன்று ஒட்டிய படங்களைப் பிய்க்காமல், தாமே விலகும்வரை சுத்தமான குளிர்ந்த நீரில் ஊறவிட வேண்டும். படம் உள்ள பக்கத்தைத் தேய்க்கக்கூடாது. உலர்த்தும்போது அந்தப் பக்கம் மேலே இருக்கட்டும். இரண்டு நாளுக்குள் முடியாதென்றால், மெழுகுத்தாள் இடையிட்டு ஃப்ரீசரில் வைத்தால் பூசணம் தள்ளிப்போகும். இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்தவற்றை மட்டும் தண்ணீரில் போடவேண்டாம், மை கலைந்துவிடும்.

நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் கண்ணாடிச் சட்டங்களில்தான் பெரிய ஆபத்து. அந்தக் காலத்தில் படத்துக்குப் பளபளப்பு ஏற்ற, ஈரத்தோடு வழவழப்பான தகட்டில் அழுத்திக் காயவிடுவார்கள். கிளேஸிங் என்பது அதற்குப் பெயர். நனைந்த படம் சட்டத்துக்குள்ளேயே காய்ந்தாலும் அப்படித்தான் கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும். கிளேஸிங் தகடோ படத்தை விட்டுவிடும், சட்டக் கண்ணாடி பெரும்பாலும் விடாது. ஆகவே ஈரம் இருக்கும்போதே சட்டத்தைக் கழற்றி, கண்ணாடியோடு சேர்த்தே நீரில் அமிழ்த்திப் பொறுமையாகப் பிரிக்க வேண்டும். காய்ந்து ஒட்டிவிட்டதென்றால் பிய்க்கவே வேண்டாம். கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் செய்துகொண்டால் முகமாவது தங்கும்.